சார்ஜரைப் பிடுங்கியதும் சிமிட்டும் திரை

மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிய சில நொடிகளில் திரை சிமிட்டத் தொடங்குகிறது, மீண்டும் செருகினால் அடங்கிவிடுகிறது, இதற்குத் திரையையே மாற்ற வேண்டுமா என்று வாசகர்கள் கேட்பதுண்டு. விடையின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தளர்ந்துபோன இணைப்பு வடத்துக்கோ பழுதடைந்த திரைக்கோ சார்ஜர் செருகியிருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருப்பவை இயங்குதளமும், கிராபிக்ஸ் சில்லை இயக்கும் டிரைவர் மென்பொருளும், தாய்ப்பலகையில் மின்வரத்தைக் கண்காணிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லும்தான். ஆகவே சார்ஜர் போனதும் வந்து, சார்ஜர் வந்ததும் போகும் சிமிட்டல் ஏறக்குறைய எப்போதும் ஏதோ ஒரு மின்சிக்கன ஏற்பாடு தன் வேலையை மிகையாகவோ அரைகுறையாகவோ செய்வதன் விளைவே. இந்த எளிய சோதனையைக்கூடச் செய்யாமல் "டிஸ்பிளே போயிடுச்சு" என்று புதிய திரைக்கு விலை சொல்லும் பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுப்பதற்கு முன், சார்ஜரை இரண்டு மூன்று முறை செருகியும் பிடுங்கியும் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

பேட்டரியில் ஓடும்போது சிக்கனத்தின் கை முதலில் திரைமீது விழுவதற்குக் காரணம் உண்டு. கடிதம் எழுதுவது, இணையப் பக்கம் படிப்பது போன்ற சாதாரண வேலைகளின்போது மின்சாரத்தை அதிகம் உண்பது பெரும்பாலும் செயலியன்று, திரைதான். திரையிலும் படத்தை உருவாக்கும் திரவப் படிகப் படலம் உண்பது சொற்பம், அதன் பின்னால் எரியும் எல்இடி விளக்குகளாகிய பின்னொளி உண்பதே பெரும்பங்கு. அந்த ஒளியில் பாதிக்கு மேல் ஒளியை முனைவாக்கும் தாள்களில் தங்கிவிடுகிறது. எஞ்சியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை நிற வடிகட்டிகள் தடுத்துவிடுகின்றன. படப்புள்ளிகளுக்கு இடையே ஓடும் கம்பிகள் இன்னும் கொஞ்சம் மறைக்கின்றன. முழு வெள்ளைப் பக்கத்தைக் காட்டும்போதே விளக்கு கொடுத்த ஒளியில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் கண்ணுக்கு வந்து சேர்கிறது. இத்தனை ஊதாரித்தனமான ஓர் உறுப்பைப் பொறியாளர்கள் விட்டுவைக்காததில் வியப்பில்லை.

இதில் ஒரு விந்தையும் உண்டு. இவ்வகைத் திரையில் கறுப்பு என்பது விளக்கு அணைந்த நிலையன்று. முழு வேகத்தில் எரியும் விளக்கைப் படப்புள்ளிகள் மூடி மறைத்த நிலை. இருண்ட திரைப்படக் காட்சி ஒன்று ஓடும்போது பேட்டரி தன் மின்சாரத்தைச் செலவிட்டு ஒளியை உண்டாக்குகிறது, திரை அந்த ஒளியைக் கவனமாக விழுங்கி வீணாக்குகிறது. டார்க் மோட் எனப்படும் கறுப்புப் பின்னணியைப் போட்டுக்கொண்டால் பேட்டரி நீடிக்கும் என்ற பரவலான அறிவுரை பின்னொளியே இல்லாத ஓலெட் திரைகளுக்குப் பொருந்துமே தவிர, பின்னொளி கொண்ட சாதாரணத் திரைக்குத் தன்னளவில் பொருந்தாது. ஆனால் மூடிய படப்புள்ளிகளைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அதே அளவுக்கு விளக்கைத் தணித்துவிட்டால் காட்சியும் மாறாது, மின்சாரமும் மிஞ்சும் அல்லவா? இந்த எண்ணத்தை இன்டெல் நிறுவனம் டிபிஎஸ்டி என்ற சுருக்கப் பெயரிலும், ஏஎம்டி நிறுவனம் வாரி-பிரைட் என்ற பெயரிலும் செயல்படுத்தியிருக்கின்றன; பேட்டரியில் ஓடும் மடிக்கணினியின் வெளிச்சம் காரணமின்றி ஏறி இறங்குவதுபோல் தோன்றினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டின் கணக்கு அழகானது. ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொரு நிறத்தின் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண்ணுக்கும் வெளிப்படும் ஒளிக்கும் உள்ள உறவு நேர்க்கோடன்று, ஏறத்தாழ 2.2 என்ற அடுக்கைக் கொண்ட வளைவு. பின்னொளியை நூற்றுக்கு எண்பதாகத் தணித்தால், இழந்த ஒளியை ஈடுகட்ட எண்கள் எல்லாவற்றையும் ஏறத்தாழ 1.107ஆல் பெருக்கினால் போதும். 128 என்று இருந்த நடுத்தரச் சாம்பல் 142 ஆகிறது, கண்ணுக்குப் பழைய சாம்பலாகவே தெரிகிறது. விளக்கில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் மிஞ்சுகிறது. சிக்கல் உச்சத்தில் இருக்கிறது: 230க்கு மேற்பட்ட எண்களைப் பெருக்கினால் 255ஐத் தாண்டிவிடும், தாண்ட இடமில்லாததால் அவை அனைத்தும் 255இலேயே முட்டி நிற்கும். கல்யாணப் புகைப்படத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் உள்ள மடிப்புகள் 235, 240, 248 என்று தனித்தனி எண்களாக இருந்தவை ஒரே வெள்ளையாகி, வேட்டி காகிதம்போல் தட்டையாகிவிடும். ஆகவே டிரைவரோ சில்லோ ஒவ்வொரு படத்திலும் எந்தெந்த அளவில் எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்ற பட்டியலை ஓயாமல் தயாரிக்கிறது; உச்சத்தில் உள்ளவை மிகச் சிலவாக இருந்தால் அவற்றைப் பொருட்படுத்தாமல் விளக்கைத் தணிக்கிறது, நிறைய இருந்தால் விளக்கை ஏற்றுகிறது.

நூறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எல்லா வீட்டுக்கும் ஒரே அழுத்த மோட்டார் தண்ணீர் தள்ளுவதாகவும், பெரும்பாலான வீடுகளில் குழாயைப் பாதிக்கும் குறைவாகவே திறந்துவைத்திருப்பதாகவும் வைத்துக்கொண்டால் இதன் நன்மையும் தொல்லையும் ஒருங்கே விளங்கும். மின்கட்டணத்தைக் குறைக்க நினைக்கும் வாட்ச்மேன் மோட்டாரின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, அதே கணத்தில் எல்லா வீட்டுக் குழாய்களையும் சற்றே கூடுதலாகத் திருகிவிட்டால், வாளி நிறையும் நேரம் மாறாது, குடியிருப்பவர்களுக்கும் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே முழுக்கத் திறந்த குழாயை வைத்திருக்கும் நான்காம் மாடி வீட்டுக்காரர்கள் மட்டும் கத்துவார்கள், அவர்கள் இரண்டு வீடுதான் என்றால் வாட்ச்மேன் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இப்போது ஏதோ விசேஷம், நூறு வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயை முழுக்கத் திறக்கிறார்கள். குழாயைத் திருகிக் கூட்டுவது நொடிப்பொழுது வேலை, மோட்டார் வேகம் பிடிக்கவோ நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எல்லா வீட்டிலும் தண்ணீர் நூலாக வருகிறது. மோட்டார் முன்னதாகவே வேகம் பிடித்து, குழாய்களைத் திருப்பிக் குறைக்க வாட்ச்மேன் தாமதித்தாலோ தண்ணீர் சீறித் தெறிக்கிறது. நாற்பது ஐம்பது வீடுகள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக விளையாடினால், ஏற்றுவதா இறக்குவதா என்று தீராமல் மோட்டார் முக்கி முனகிக்கொண்டே இருக்கும். எந்த வாட்ச்மேனும் நொடிக்கு அறுபது முறை நூறு வீட்டுக் குழாய்களைக் கணக்கெடுத்துத் திருகியதில்லை என்பதால் உவமையை இத்துடன் விட்டுவிடுவது நல்லது. ஆனால் கிராபிக்ஸ் சில்லு செய்வது ஏறத்தாழ இதைத்தான், குழாய்கள் மட்டும் இருபது லட்சம்.

படப்புள்ளிகளின் எண்கள் ஒரே படச்சட்டத்தில், அதாவது நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் மாறிவிடுகின்றன. விளக்கின் அளவோ திடீரென்று தாவினால் கண்ணை உறுத்தும் என்பதால் படிப்படியாக நகர்த்தப்படுகிறது. இந்த இரண்டும் கைகோத்து நடக்க வேண்டும். நடை பிசகினால், கறுப்புப் பின்னணியில் நிரல் எழுதும் சாளரத்திலிருந்து வெள்ளை இணையப் பக்கத்துக்கு மாறும்போது, பக்கம் மங்கலாகத் தோன்றி ஓரிரு நொடிகளில் மெல்லப் பளிச்சிடும். ஒளியும் இருளும் மாறி மாறி வரும் விளம்பரப் படமோ காணொளியோ ஓடினால், அதற்குச் சம்பந்தமில்லாத பணிப்பட்டையும் ஓரங்களும்கூட மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். சோதிப்பதும் எளிது: முழுத்திரையிலும் கறுப்புப் படம் ஒன்றைப் பத்து நொடி வைத்திருந்துவிட்டு, முழு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால், வெள்ளை வந்த பிறகும் வெளிச்சம் கூடிக்கொண்டே போவது தெரியும். கறுப்பின் நடுவே உள்ள சிறு வெள்ளைக் கட்டத்தையும் முழு வெள்ளைத் திரையையும் ஒப்பிட்டு முடிவுக்கு வருவது மட்டும் கூடாது, ஏனென்றால் கறுப்பு சூழ்ந்த வெள்ளையைக் கண்ணே கூடுதல் பளிச்சென்று காட்டும்.

இந்த ஏற்பாட்டை நிறுத்தும் இடம் இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடுகிறது என்பதுதான் எரிச்சல். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியின் வெளிச்ச வரியை விரித்தால், திரையில் உள்ளதைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றுவது பற்றிய ஒரு தேர்வு பல கணினிகளில் இருக்கும். அதில் ஒருபோதும் வேண்டாம், எப்போதும் வேண்டும், பேட்டரியில் மட்டும் வேண்டும் என்று மூன்று நிலைகள் உண்டு, தொல்லை பெரும்பாலும் மூன்றாவதில்தான் ஒளிந்திருக்கும். அந்தத் தேர்வே இல்லாத கணினிகளில் இன்டெல்லின் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர் செயலியில் சிஸ்டம், பவர் என்று சென்று, பேட்டரிக்கு உரிய தனிப் பக்கத்தில் டிஸ்பிளே பவர் சேவிங்ஸ் என்பதை அணைக்க வேண்டும். ஏஎம்டி சில்லு என்றால் அந்நிறுவனத்தின் மென்பொருளில் வாரி-பிரைட்டை அணைக்க வேண்டும். இந்த வசதிகள் வருவதற்கு முன் இன்டெல் கணினிக்காரர்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியின் ஆழத்துக்குள் சென்று, பலருடைய கணினியில் 9240 என்று இருந்த ஒரு பதினறும எண்ணை 9250 ஆக்கினார்கள். வித்தியாசம் ஒரே ஒரு பிட்தான். லினக்ஸ் உலகமும் தப்பவில்லை: மின்நிலைகளை நிர்வகிக்கும் ஒரு பொது மென்பொருள் 2024இல் வெளிவந்த தன் 0.20 பதிப்பில் ஏஎம்டி திரைகளுக்கான இதே சிக்கனத்தைப் பேட்டரியில் தானாக இயக்கத் தொடங்கியதும், நிறம் வெளிறிப்போகிறது என்ற முறையீடுகள் குவிந்தன.

இத்தனை பாடுபட்டு மிஞ்சுவது எவ்வளவு என்று கேட்பது நியாயமே. 50 வாட்-மணி பேட்டரியும் சராசரியாக 6 வாட் செலவும் உள்ள ஒரு மடிக்கணினி 8 மணி 20 நிமிடம் ஓடும். இந்த ஏற்பாடு 0.4 வாட்டை மிச்சப்படுத்துகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டால் 8 மணி 55 நிமிடம். பயனருக்கு அந்த அரை மணிச் சொச்சத்தால் பெரிய ஆதாயம் இல்லை, ஆனால் "ஏறத்தாழ 9 மணி நேரம்" என்று அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டியவர்களுக்கு அது முக்கியம். விளம்பர மணிக்கணக்குகள் எத்தகைய வெளிச்சத்தில் அளக்கப்படுகின்றன என்பது அடிக்குறிப்புகளில்தான் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் தன் மேக்புக் கணினிகளின் பேட்டரிச் சோதனைக் குறிப்பில், திரை வெளிச்சம் அடியிலிருந்து எட்டுப் படியில் வைக்கப்பட்டது என்று வெளிப்படையாகவே எழுதுகிறது. வெயில் படும் ஜன்னலோரத்தில் அந்தப் படியில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

அடுத்த சிக்கனம் வேறு வகையானது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 6.2 மெகாபைட், கிராபிக்ஸ் சில்லு அதை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்புகிறது. ஒருவர் அசையாத ஒரு பக்கத்தை ஒரு நிமிடம் படித்தால், ஒரே படம் 3,600 முறை, மொத்தம் 22 ஜிகாபைட்டுக்கு மேல், அந்த மெல்லிய வடத்தின் வழியே அனுப்பப்பட்டிருக்கும். இது வீண் என்பதால், படத்தின் ஒரு பிரதியைத் திரைக்குள்ளேயே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லின் நினைவகத்தில் வைத்துவிட்டு, மாற்றம் ஏதும் இல்லாதவரை திரை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளவும், கிராபிக்ஸ் சில்லும் இணைப்பும் உறங்கவும் வழிசெய்யும் ஏற்பாடு, வெசா அமைப்பு 2011இல் வெளியிட்ட உட்பொதி டிஸ்பிளேபோர்ட் 1.3 தரத்தில் சேர்க்கப்பட்டது. பிஎஸ்ஆர் என்பது அதன் சுருக்கப் பெயர். உறங்குவதில் சிக்கலில்லை, விழிப்பதில்தான் சிக்கல். உறக்கத்தின்போது திரை தன் சொந்தக் கடிகாரப்படி ஓடிக்கொண்டிருக்கும். விழித்தெழும் கிராபிக்ஸ் சில்லு வேறொரு கடிகாரத்தோடு வரும். இரண்டும் ஒரு படச்சட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் குறுகிய இடைவெளியில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு கணம் திரை கறுக்கும், அல்லது குறுக்கே ஒரு கோடு வெட்டிப் போகும், அல்லது சுட்டி தடுமாறும்.

இதைக் கண்டுபிடிக்க நோட்பேட் போன்ற வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, எதையும் தொடாமல் இருந்தாலே போதும். எழுதுமிடத்தில் நின்று துடிக்கும் கோடு விண்டோஸின் இயல்பு நிலையில் 530 மில்லிநொடிக்கு ஒருமுறை தோன்றுகிறது அல்லது மறைகிறது. அசைவில்லாத பக்கத்தில் நடக்கும் ஒரே மாற்றம் அதுதான். இணைப்பு உறங்கப் போகும், கோடு அதை எழுப்பும், மீண்டும் உறங்கப் போகும், மீண்டும் எழுப்பும். திரை அரை நொடிக்கு ஒருமுறை தாளம் தவறாமல் சிமிட்டினால், அதே நேரத்தில் காணொளி ஒன்றை ஓடவிட்டதும் சிமிட்டல் அறவே நின்றுவிட்டால், குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை, ஏனெனில் காணொளி ஓடும்போது இணைப்புக்கு உறங்க நேரமே கிடைப்பதில்லை. மேற்சொன்ன இன்டெல் செயலியின் அதே பேட்டரிப் பக்கத்தில் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற பெயரில் இதை அணைக்கலாம். லினக்ஸில் இன்டெல் டிரைவருக்கு இதை இயல்பாக இயக்குவதும், சிமிட்டுகிறது என்ற புகார்கள் வந்தபின் அணைப்பதும், பிறகு மீண்டும் இயக்குவதுமாகப் பல ஆண்டுகள் கழிந்தன. கணினி துவங்கும்போது கொடுக்கும் கட்டளை வரியில் இதைப் பூஜ்யமாக்கும் சிறு குறிப்பு ஒன்றைச் சேர்ப்பது லினக்ஸ் பயனர்களிடையே இன்றும் வழக்கத்தில் உள்ள மருந்து. சில கணினிகளில் இந்த ஏற்பாடு சார்ஜர் செருகியிருக்கும்போதும் ஓடும் என்பதால், சார்ஜர் சோதனை மட்டும் இதைப் பிடித்துவிடாது.

நொடிக்கு 60 முறை புதுப்பிப்பதே மிகை என்று கருதி, பேட்டரியில் அதை 48 அல்லது 40 ஆகக் குறைக்கும் வழக்கமும் உண்டு. நொடிக்கு 40 தானே, திரைப்படம் 24இல் ஓடுகிறதே என்று தோன்றலாம். ஆனால் திரவப் படிகத்துக்கு ஒரு விசித்திரமான தேவை உண்டு. ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள அயனிகள் ஒருபக்கம் ஒதுங்கிப் படிகம் கெட்டுப்போகும் என்பதால், ஒவ்வொரு படச்சட்டத்திலும் படப்புள்ளியின் மின்முனை தலைகீழாக்கப்படுகிறது, நேர்மின்னழுத்தம் ஒருமுறை, எதிர்மின்னழுத்தம் மறுமுறை. இரண்டும் மிகச் சரியாகச் சமமாக இல்லாவிட்டால் படப்புள்ளி ஒருமுறை துளி பளிச்சென்றும் மறுமுறை துளி மங்கலாகவும் தெரியும்; அந்த ஆட்டத்தின் வேகம் புதுப்பிப்பு வேகத்தில் பாதி. 60இல் ஓடும்போது நொடிக்கு 30 முறையாக இருந்த மெல்லிய ஆட்டம் 40இல் ஓடும்போது 20 முறையாகிக் கண்ணுக்குத் தட்டுப்படும் எல்லைக்குள் நுழைந்துவிடுகிறது. அடுத்தடுத்த படப்புள்ளிகளுக்கு எதிரெதிர் முனைகளைக் கொடுத்து இதை மறைக்கிறார்கள். இருந்தும் நுண்ணிய கட்டங்கள் நிறைந்த சாம்பல் பின்னணிகளில் மறைவு கலைந்து நடுக்கம் வெளிப்படுவதுண்டு. அதோடு, வேகம் குறையக் குறைய ஒவ்வொரு படப்புள்ளியும் தன் மின்னேற்றத்தை நெடுநேரம் தாங்க வேண்டியிருக்கிறது, சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டர் அதைக் கசியவிடுகிறது. இக்சோ என்ற ஆக்சைடு டிரான்சிஸ்டர்களுக்குக் கசிவு மிகக் குறைவு என்பதே அவற்றைப் பயன்படுத்தும் திரைகள் குறைந்த வேகத்திலும் நிலைத்து நிற்பதன் இரகசியம். சார்ஜரைப் பிடுங்கும்போதும் செருகும்போதும் ஒரே ஒருமுறை திரை கறுத்து மீள்வது இந்த வேக மாற்றத்தால் வருவது. அதற்குக் கவலை தேவையில்லை. உறுத்தினால், டிஸ்பிளே செட்டிங்ஸில் வேகத்தை ஒரே எண்ணில் நிறுத்திவிடலாம்.

இனி எஞ்சியிருப்பது, உண்மையில் சிக்கன ஏற்பாடே அல்லாமல் சிக்கனத்தால் தூண்டிவிடப்படும் ஒன்று. விண்டோஸின் பேட்டரி சேவர் பல பதிப்புகளில், மின்சாரம் 20 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியதும் தானாக விழித்துத் திரை வெளிச்சத்தில் முப்பது விழுக்காட்டைக் குறைத்துவிடும். எல்இடி விளக்கை மங்கலாக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு: மின்னோட்டத்தைக் குறைப்பது ஒன்று, மின்னோட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு விளக்கை அதிவேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவது மற்றொன்று. முதல் வழியில் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் விளக்கின் நிறம் சற்றே திரியும் என்பதால் பலர் இரண்டாம் வழியை விரும்பினார்கள். சில திரைகளில் அதிக வெளிச்சத்தில் முதல் வழியும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் இரண்டாம் வழியும் கலந்திருக்கும், அத்தகைய திரையில் பேட்டரி சேவர் அந்த எல்லையைத் தாண்டிய கணமே கண்வலி ஆரம்பமாகும். நொடிக்கு 200 முறை துடிக்கும் விளக்கை ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் வைத்தால், அது 1 மில்லிநொடி எரிந்து 4 மில்லிநொடி அணைந்திருக்கும்.

மிக வேகமாக விட்டுவிட்டு வரும் ஒளி, அதே மொத்த ஒளியைச் சீராகப் பரப்பியதற்குச் சமமாகவே கண்ணுக்குத் தெரியும் என்பதை, ஒளிப்படக்கலையின் முன்னோடியாகப் பின்னாளில் புகழ்பெற்ற வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1834இல் வெளியிட்டார், பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ அதை உறுதிசெய்து திருத்தினார், விதி இருவர் பெயராலும் வழங்குகிறது. வரலாறு இவ்வளவு போதும். திரைத் தயாரிப்பாளர்கள் இந்த விதியை வசதியாகப் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் அது அசையாத கண்ணுக்கு எழுதப்பட்ட விதி. திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவும் கண்ணின் வேகம் நொடிக்கு 500 பாகையைத் தொடும். விளக்கின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட 5 மில்லிநொடியில் பார்வை 2.5 பாகை நகர்ந்துவிடும், கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலமே ஏறத்தாழ 2 பாகைதான். ஆகவே ஒரு வெள்ளைக் கோடு, தாவும் கண்ணில் இடைவெளி விட்ட பல கோடுகளாகப் பதிகிறது. "சிமிட்டல் தெரியவில்லை, ஆனால் கண் கூசுகிறது" என்று சொல்பவர்களை மனப்பிரமைக்காரர்கள் என்று ஒதுக்குவதற்கில்லை. எல்இடி விளக்குகளுக்காக ஐஇஇஇ அமைப்பு 2015இல் வெளியிட்ட 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரை, முழுக்க அணைந்து ஏறும் ஒளியின் துடிப்பு நொடிக்கு 1,250க்கு மேல் இருந்தால் ஆபத்து குறைவு என்றும், 3,000க்கு மேல் இருந்தால் விளைவே இராது என்றும் கணிக்கிறது. அது அறை விளக்குகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, திரைகளுக்கு அப்படியே பொருத்துவதில் தகராறு உண்டு. ஆனாலும் 200 என்பது 1,250க்கு எவ்வளவு தொலைவு என்பதைக் காட்ட அது போதும்.

பென்சில் ஒன்றை வெள்ளைத் திரைக்கு முன் விசிறிபோல் வேகமாக ஆட்டிப் பார்த்தால், சீரான ஒளியில் அது மங்கலான ஒரே பட்டையாகத் தெரியும், துடிக்கும் ஒளியில் தனித்தனிப் பென்சில்களாகத் தெரியும். கைப்பேசிக் கேமராவின் மெதுவியக்கப் பதிவில் கருங்கோடுகள் ஊர்வதும் அதே சாட்சியம்தான். துடிப்பையே நிறுத்தும் மென்பொருள் மருந்து பெரும்பாலும் இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, கண் கூசினால் திரையின் வெள்ளையைச் சாம்பலாக்கும் நிறத் தோற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைத் தீர்வு. பேட்டரி சேவர் வெளிச்சத்தைத் தொடாதபடி அதன் செட்டிங்ஸிலேயே தடுத்துவிடவும் முடியும்.

எந்த ஏற்பாட்டையும் அணைப்பதற்கு முன், சிமிட்டல் திரையிலிருந்து வருகிறதா, மென்பொருளிலிருந்து வருகிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்து, மற்ற யாவும் சிமிட்டும்போது அது மட்டும் நிலையாக நின்றால் குற்றம் ஏதோ ஒரு செயலியுடையது, அதுவும் சேர்ந்து சிமிட்டினால் டிரைவருடையது என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி, அது பெரும்பாலும் பலிக்கிறது. வெளித்திரை ஒன்றைச் செருகிப் பார்த்து அது அமைதியாக இருந்தால், இங்கே பேசப்பட்டவை எல்லாம் உள்திரைக்கே உரியவை என்பதால் அவற்றின்மீதான சந்தேகம் வலுக்கும். கணினியைப் பேட்டரியில் வைத்துக்கொண்டே பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புப் பக்கத்தில் சில நிமிடம் நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை, ஆகவே அங்கேயும் சிமிட்டினால் பழி வன்பொருள்மேல்தான். மூடியைச் சாய்க்கும் கோணத்துக்கு ஏற்பச் சிமிட்டல் கூடிக் குறைந்தால் அது கீலுக்குள் ஓடும் வடத்தின் தேய்மானம், அதற்கும் சிக்கனத்துக்கும் தொடர்பில்லை. சார்ஜர் செருகும்போது மட்டும் சிமிட்டும் நேரெதிர் நோய்க்குச் சார்ஜரையும் தரைக்கம்பி இல்லாத மின்செருகியையும்தான் ஆராய வேண்டும்.

ஓலெட் திரைகளுக்குப் பின்னொளியே கிடையாது. ஆனால் அவற்றில் பல நொடிக்கு 240 முறை துடித்து மங்கலாகின்றன, "சிமிட்டலற்றது" என்ற முத்திரை எந்த வெளிச்ச அளவுக்குப் பொருந்துகிறது என்று வாங்கும்போதே விசாரிப்பது நல்லது. ஒருமுறை சரிசெய்த கணினி சில மாதங்களில் மீண்டும் சிமிட்டத் தொடங்கினால், விண்டோஸ் அப்டேட் வழியாகப் புதிய கிராபிக்ஸ் டிரைவர் வந்து இறங்கி, அணைத்துவைத்த தேர்வுகளைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டிருக்கக்கூடும். டிரைவரைக் குறை சொல்லி நீக்குவதற்கு முன் அந்தப் பேட்டரிப் பக்கத்தை மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.